ஹென்றியைச் சுவர் வைத்து அடைத்த ராத்திரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் தள்ளிப் போட்டேன். முப்பத்தாறு வயசு ஆள், நாலு வயசுப் பையனுக்கு அப்பன், 'தாமஸ்' என்று முகம் வைத்த, பேசுகிற எஞ்சின்கள் வரும் குழந்தைகள் ரயில் தொடரைப் பார்த்துவிட்டு ஏழு வாரம் தூக்கம் கெட்டுத் திரிந்தான் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். என் மனைவிக்கே வந்தது. ஆனால் போன மாதம் இங்கே தெரிந்த ஒரு நண்பர், "தாமஸ் ரயில்ல ஏதோ கெட்ட அர்த்தமெல்லாம் ஒளிஞ்சிருக்காம், பொண்ணுகிட்ட இருந்து பிடுங்கிடலாம்னு இருக்கேன்" என்று போனில் சொன்னபோது வயிற்றைப் பிசைந்தது. நான் விழுந்த அதே குழி. அவரிடம் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் ஊரில். 2023 ஜனவரியில் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் என்றானது. மனைவி அன்னூருக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிற இடத்தில் பையனை வைத்துச் சமாளிக்க முடியாது, நர்சரி இடமும் போய்விடும் என்று அவனை என்னிடம் விட்டுப் போனாள். அவள் போன அதே வாரம் ஆபீசில் ஆள் குறைப்பு அறிவிப்பு வந்தது. இங்கே அதற்கு 'கன்சல்டேஷன்' என்று ஒரு நாகரிகமான பெயர் வைத்திருக்கிறார்கள். யார் யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று சில வாரம் கழித்துத்தான் சொல்வார்கள். வேலை விசாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், வேலை போனால் இன்னொரு கம்பெனி பிடிக்க பொதுவாக 60 நாள்தான் அவகாசம். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அங்கே அவளுக்கு இருக்கிற பாட்டுக்கு இது வேறா என்று நினைத்தேன். கதையில் நடந்த முதல் தப்பு அதுதான். தொடருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

சாயங்காலம் நர்சரியிலிருந்து வந்ததும் பையனுக்கு தாமஸ் வேண்டும். நானே பழைய எபிசோடுகளாகத் தேடி எடுத்து வைத்திருந்தேன். 1984-ல் வந்த முதல் சீசன், பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் கதை சொல்லுவார், கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கிடையாது, நிஜமான மாடல் ரயில்கள் நிஜப் புகை விட்டுக்கொண்டு ஓடும். நிதானமாகப் போகும், கண்ணுக்கு நல்லது என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் மூன்றாவது கதை ஹென்றியுடையது. ஹென்றி பச்சை நிற எஞ்சின். மழை பெய்தால் பெயின்ட் கெட்டுவிடும் என்று சுரங்கத்துக்குள் போய் நின்றுகொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. பயணிகளை விட்டுத் தள்ளிப் பார்க்கிறார்கள், இழுத்துப் பார்க்கிறார்கள், நகரவில்லை. கடைசியில் அந்த ரயில்வேயின் முதலாளி, எல்லோரும் குண்டு கன்ட்ரோலர் என்று கூப்பிடுகிறவர், சுவர் வைத்து அடைக்கச் சொல்லிவிடுகிறார். கொத்தனார்கள் வந்து செங்கல் வைக்கிறார்கள். மேலே இடைவெளியில் ஹென்றியின் கண் மட்டும் தெரிகிறது. நீராவி தீர்ந்துவிட்டது, எந்த பெயின்டுக்காக உள்ளே போனதோ அதுவும் கரி படிந்து கெட்டுவிட்டது. இந்தத் தண்டனை அதற்கு வேண்டியதுதான் என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கதைசொல்லி கேட்பதோடு முடிகிறது. அமெரிக்காவில் ஒளிபரப்பியபோது அந்த வரியை மாற்றிவிட்டார்கள்.

பையன் என் மடியிலிருந்து திரும்பிக் கேட்டான்: "அப்பா, அவன் மழைக்குத்தானப்பா பயந்தான்? அதுக்கு ஏன் செவுரு வெச்சாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம் கண்ணு" என்று டிவியை அணைத்துவிட்டேன். இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அடுத்த எபிசோடை அப்போதே போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அடுத்த கதையிலேயே ஹென்றி வெளியே வந்துவிடுகிறது. பெரிய எஞ்சின் கார்டன் பழுதாகி நிற்க, எட்வர்ட் தனியாக இழுக்க முடியாமல் திணற, சுவரை இடித்து ஹென்றியைக் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் ஒரு கதையில் பயந்து கேள்வி கேட்டால், அது எங்கே போய் முடிகிறது என்று முதலில் பாருங்கள். பாதியில் அணைப்பது நாமும் சேர்ந்து சுவர் வைக்கிற மாதிரி.

நான் என்ன செய்தேன் என்றால், அவன் தூங்கியதும் போனில் தேட ஆரம்பித்தேன். இப்படி ஒரு உலகம் இருப்பதே அதுவரை தெரியாது. எஞ்சின்கள் எல்லாம் அடிமைகள் என்று ஒருவர். கதை நடக்கிற கற்பனைத் தீவே செத்தவர்கள் இருக்கும் இடம் என்று இன்னொருவர். அந்த முகங்கள் மனிதர்களை வைத்துச் செய்தவை என்று ஆவணப்படம் மாதிரியே எடுத்த போலி வீடியோக்கள். இவற்றோடு, நிஜமாகவே படித்தவர்கள் எழுதிய விமர்சனங்களும் கலந்து கிடந்தன. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக அரசியல் துறைப் பேராசிரியர் ஒருவர் 23 எபிசோடுகளை உட்கார்ந்து ஆராய்ந்து, 49 முக்கியப் பாத்திரங்களில் 8 தான் பெண்கள், சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் தண்டனை, தன் இடம் எதுவென்று தெரிந்து நடக்க வேண்டும் என்பதே இதன் பாடம் என்று 2009-ல் சொல்லியிருந்தார். 2013-ல் பிரிட்டிஷ் எம்.பி. மேரி க்ரே, இதில் பெண் எஞ்சின்கள் இவ்வளவு குறைவாக இருந்தால் பெண்பிள்ளைகளுக்கு ரயில் ஓட்டும் ஆசை எப்படி வரும் என்று கேட்டார். இவை யோசிக்க வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, தனி வீட்டில், நியாயமான விமர்சனமும் எவனோ பொழுதுபோகாமல் கட்டிவிட்ட பேய்க்கதையும் ஒரே குரலில்தான் கேட்கின்றன.

எனக்கு உள்ளே இறங்கியது ஒரே ஒரு விஷயம். அந்தத் தீவில் ஒரு எஞ்சினுக்குக் கிடைக்கிற உச்சபட்சப் பாராட்டு 'பயனுள்ள எஞ்சின்' என்பது. பயன் இல்லாவிட்டால்? ஹென்றியை வெளியே விட்டதுகூட இரக்கத்தில் இல்லை, அன்றைக்கு ஒரு எஞ்சின் குறைந்ததால்தான். மறுநாள் காலை மீட்டிங்கில் எங்கள் மேனேஜர் யாருடைய வேலை எவ்வளவு பயன் என்று கணக்கெடுக்கும் படிவத்தை அனுப்பினார். நான் அதை நிரப்பும்போது எனக்கு குண்டு கன்ட்ரோலரின் தொப்பிதான் தெரிந்தது. சிரிக்காதீர்கள்.

இன்னும் தோண்டினேன். தோண்டத் தோண்ட நிஜமான இருட்டு கிடைத்தது, அதுதான் வேடிக்கை. இந்தக் கதைகளை எழுதிய வில்பர்ட் ஆட்ரி ஒரு பாதிரியார். அவர் கதைகளில் கணிசமானவை நிஜ ரயில் சம்பவங்களிலிருந்து எடுத்தவை. வேல்ஸில் இருக்கிற ஸ்னோடன் மலை ரயில் 1896 ஏப்ரல் 6-ல் திறந்த அன்றே முதல் எஞ்சின், மலையேறப் பிடிமானமாக நடுவில் போட்டிருக்கும் பல் தண்டவாளத்தை விட்டு எகிறி, மலைச்சரிவில் உருண்டு நொறுங்கியது. பெட்டியிலிருந்து குதித்த ஒரு பயணி இறந்துபோனார். அந்த எஞ்சினை வைத்து ஆட்ரி 1964-ல் எழுதிய கதையில், விழுந்த எஞ்சினை ஷெட்டுக்குப் பின்னால் போட்டு, மற்ற எஞ்சின்களைப் பழுதுபார்க்க ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, கடைசியில் ஒன்றுமே மிஞ்சவில்லை என்று வருகிறது. வேறு எழுத்தாளர் எழுதியிருந்தால் அதைப் பேய்க்கதை என்போம்.

அதைவிடப் பெரியது வெளியே நடந்தது. 1948-ல் ரயில்வே அரசுடைமை ஆனபோது பிரிட்டனில் ஏறக்குறைய 20,000 நீராவி எஞ்சின்கள் இருந்தன. 1955-ல் நவீனமயத் திட்டம் போட்டார்கள். 1968 ஆகஸ்ட் 11-ல் மெயின் லைனில் கடைசி நீராவிப் பயணம் ஓடி முடிந்தது. கடைசியாகக் கட்டிய எஞ்சின் 1960-ல் இங்கே பக்கத்தில் ஸ்விண்டன் பட்டறையில் பிறந்தது. ஐந்தே வருஷத்தில், 1965-ல், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பாக்கியில் பெரும்பாலானவை காயலான் கடைக்கு. வேல்ஸில் பேரி என்ற ஊரின் ஒரு காயலான் கடைக்கு மட்டும் 297 எஞ்சின்கள் வந்து வரிசையாகத் துருப்பிடித்து நின்றன. கதையில் டீசல் எஞ்சின்கள் ஏன் பெரும்பாலும் கெட்டவர்களாக வருகிறார்கள், 'வெளியே இருக்கிற ரயில்வே' என்றதும் எல்லா எஞ்சின்களும் ஏன் நடுங்குகின்றன என்பதற்கு ரகசியக் குறியீடு எதுவும் தேவையில்லை. புத்தகத்தில் அப்படியே பச்சையாக எழுதியிருக்கிறது. ஆனால் இது எதுவும் எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை. நான் படித்த ஒவ்வொன்றும் என்னைப் பற்றியதாகவே இருந்தது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் அது நடந்தது. நான் போனில் வீடியோ தேடியதெல்லாம் ஒரே இணையக் கணக்கில். பையனின் டேப்லெட்டும் அதே கணக்கு. நான் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தபோது அவன் பார்த்துக்கொண்டிருந்த நல்ல எபிசோடு முடிந்து, தானாக அடுத்தது ஓடியிருக்கிறது. என்னவோ சத்தம் வித்தியாசமாக இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், தாமஸின் முகம் தோல் மாதிரி உரிந்து தொங்குகிறது. எத்தனை நிமிஷம் பார்த்தான் என்று தெரியாது. அழவில்லை. டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் மேல் தலையணையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். அந்தத் தலையணை இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இதை எல்லாப் பெற்றோர்களுக்கும் சொல்கிறேன்: நீங்கள் தேடுவதுதான் உங்கள் பிள்ளைக்குப் பரிந்துரையாகப் போகும். ஒரே கணக்கை இரண்டு பேரும் பயன்படுத்தாதீர்கள். தானாக அடுத்தது ஓடும் வசதியை முதலில் அணையுங்கள். பார்த்த வரலாற்றையும் தேடிய வரலாற்றையும் அழித்துவிட்டு, இனி சேமிக்காமல் நிறுத்தி வையுங்கள். குழந்தைகளுக்கான ஆப்களில், நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் காட்டும்படி ஒரு அமைப்பு இருக்கும், அதைத் தேடிப் பிடியுங்கள். முடிந்தால் பத்து இருபது எபிசோடுகளை முறையாக வாங்கி இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமல் காட்டுவது உத்தமம். இவ்வளவும் செய்ய எனக்குப் பிறகு முக்கால் மணி நேரம்தான் ஆனது. முன்னாடியே செய்திருக்கலாம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே கூச்சம்.

அடுத்த மூன்று வாரம் நரகம். ராத்திரி விளக்கை அணைக்கவிடமாட்டான். பாத்ரூம் கதவைச் சாத்தவிடமாட்டான். ரெடிங் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ரயில் உள்ளே வந்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு கத்தினான். எஞ்சினின் முன்பக்கத்தில் முகம் இருக்கிறதா என்று பார்க்கிறான். எனக்குக் குற்ற உணர்ச்சி, அது கோபமாக மாறி, கோபம் பொம்மைகள் மேல் போனது. இரண்டு வருஷமாகப் பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் வாங்கிச் சேர்த்த மரத் தண்டவாளங்கள், எஞ்சின்கள், பாலம், ஷெட், எல்லாம் சேர்த்து 280 பவுண்டுக்குக் குறையாது. ஒரே பெட்டியில் போட்டு, அவன் நர்சரியில் இருக்கும்போது 35 பவுண்டுக்கு விற்றுவிட்டேன். வாங்க வந்த அம்மா, "இவ்வளவு மலிவா? ஏதாவது உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாயங்காலம் வந்தவன் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ஹென்றியையும் அடைச்சுட்டீங்களா?" என்றான். பயந்த பிள்ளையிடமிருந்து, பயத்தைச் சரிசெய்து விளையாடும் பொருளையும் பிடுங்கிவிட்டேன் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அடித்துப்போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு தனியார் ஆலோசகர் ஒருவரைப் பார்த்தேன், ஒரு தடவைக்கு 85 பவுண்ட். பாதி நேரம் படிவம் நிரப்பியே போனது. நர்சரி டீச்சர்தான், "ஹெல்த் விசிட்டரைக் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டார். சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களைக் கவனிக்கிற நர்ஸ் அவர், இங்கே ஐந்து வயது வரை அந்தச் சேவை இலவசம். தடுப்பூசி, எடை இதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. நான் தாமஸ் பற்றிய எல்லாத் தத்துவங்களையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பையன் எப்போது தூங்குகிறான் என்று சொன்னீர்கள், நீங்கள் எப்போது தூங்குகிறீர்கள்?" என்றார். மூன்று, மூன்றரை. "வீட்டில் வேறு ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" அங்கேதான் உடைந்தேன். வேலை விஷயத்தை நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் முன்பின் தெரியாத அந்த அம்மாதான்.

அவர் சொன்னவை எளிமையானவை. அந்த வீடியோ யாரோ பெரியவர்கள் பயமுறுத்துவதற்காகச் செய்த பொம்மலாட்டம், நிஜத் தாமஸ் இல்லை என்று ஒரே தடவை தெளிவாகச் சொல்லுங்கள், தினமும் கிளறாதீர்கள். அவன் திரும்பக் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். பொம்மைகளைத் திரும்பக் கொடுங்கள், விளையாட்டில் அவன் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்று பாருங்கள், நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். நிஜ எஞ்சினைக் கிட்டப் போய்க் காட்டுங்கள், அவன் விரும்பினால் மட்டும். ராத்திரி உங்கள் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். கடைசி ஒன்று எனக்கு. அதை நான் முதல் இரண்டு நாள் மீறினேன், மூன்றாம் நாளிலிருந்து தூங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டினாள். அப்புறம் சிரித்தாள். "ஏனுங்க, வேலை போனா போகுது, மேட்டுப்பாளையத்துல வீடு இருக்குதல்ல?" என்றாள்.

மார்ச் முதல் சனிக்கிழமை, பழைய நீராவி எஞ்சின்களைப் பாதுகாத்து வைத்திருக்கிற டிட்காட் ரயில்வே மையத்துக்குப் போனோம். ரயிலில் வரமாட்டேன் என்றதால் காரில். ஆனால் அதன் வாசலே டிட்காட் ஸ்டேஷனுக்குள் இருக்கிறது, ஸ்டேஷன் வழியாகத்தான் போக வேண்டும். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தான். உள்ளே எண்ணெய் வாசனை, கரி வாசனை. ஒரு வயதான தன்னார்வலர் இவன் உயரத்துக்குக் குனிந்து, எஞ்சினின் முன்பக்க வட்டக் கதவைக் காட்டி, உள்ளே வெறும் சாம்பல்தான் சேரும், தினமும் நாங்கள்தான் அள்ளிப் போடுகிறோம் என்றார். பையன் எட்டிப் பார்த்தான். "முகம் இல்லையாப்பா?" "இல்ல கண்ணு, சாம்பல்தான்." அதோடு பாதி போய்விட்டது.

அவர் எனக்கும் ஒரு கதை சொன்னார். 1961-ல் லண்டன் பக்கம் சவுத்தாலில் நாலு பள்ளிக்கூடப் பையன்கள், காயலான் கடைக்குப் போகவிருந்த, தண்ணீர்த் தொட்டியைத் தன்னிலேயே சுமக்கிற சின்ன டேங்க் எஞ்சின் வகையில் ஒன்றையாவது காப்பாற்றலாம் என்று ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக் காசு சேர்க்க ஆரம்பித்தார்கள். 1964-ல் 1466 என்ற எண்ணுள்ள எஞ்சினை வாங்கினார்கள். இந்த மையமே அப்படி வளர்ந்ததுதான். அதே வகை எஞ்சின்தான் கதையில் ஆலிவர், காயலான் கடையிலிருந்து தப்பி ஒளிந்து ஒளிந்து தீவுக்கு ஓடிவருவது. ஆட்ரி அதை எழுதியது 1968-ல், நீராவி நின்ற அதே வருஷம். ஏழு வாரம் நான் மறைந்த அர்த்தம் தேடினேன். திறந்து வைத்த புத்தகத்தை வாங்கிப் படிக்கவில்லை. பிறகு படித்தேன், நூலகத்தில், காசில்லாமல்.

ஆட்ரியைப் பற்றியும் அப்போதுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். சர்வாதிகார மனசுக்காரர் என்று நான் படித்த அந்த மனுஷன், போரை ஆதரிக்கமாட்டேன் என்றதால் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் இருந்த சர்ச் வேலையை இழந்தவர். 1942-ல் தட்டம்மை கண்டு படுத்திருந்த மகனுக்காகச் சொல்ல ஆரம்பித்தவைதான் இந்தக் கதைகள். 1945-ல் முதல் புத்தகம். ஹென்றியின் சுவரோடு முடிந்திருக்கும், பதிப்பாளர் இன்னொரு கதை கேட்டதால்தான் விடுதலை எழுதினார். சின்ன வயதில் பாக்ஸ் என்ற ஊரில் ராத்திரி படுத்துக்கொண்டு, ஏற்றத்தில் மூச்சிரைத்து ஏறும் எஞ்சின்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டாராம். ரெடிங்கிலிருந்து பாத் போகிற லைன் அது. நான் எத்தனையோ தடவை லேப்டாப்பை முறைத்துக்கொண்டே அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன்.

பையன் மறுபடி ரயில் ஏறியதற்கு மட்டும் வேறொரு காரணம். 2016-ல் வந்த தாமஸ் படம் ஒன்றில் அஷிமா என்று ஒரு இந்திய எஞ்சின் வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறுகிற நம் பல்சக்கர எக்ஸ் வகை எஞ்சினைப் பார்த்துச் செய்தது. வீடியோ காலில் என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "அடேய், இது நம்ம ஊட்டி வண்டியல்ல!" என்று கத்தியதில் பையன் திகைத்துப் போனான். கல்லாறு தாண்டி பல் தண்டவாளத்தில் எப்படி ஏறும், பின்னாலிருந்து எப்படித் தள்ளும், குரங்குகள் எங்கே நிற்கும் என்று அப்பாரு அரை மணி நேரம் சொன்னார். அந்தப் பல் தண்டவாளமும் ஸ்னோடனில் இருப்பதும் ஒரே ஆப்ட் முறை என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் உருண்ட எஞ்சின் கதையும் வரும் என்று வாயை மூடிக்கொண்டேன். எதையும் முழுக்கச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, நாலு வயசுக்கு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விற்றதில் பாதியைத் திரும்பச் சேர்க்க 140 பவுண்ட், அதில் விற்ற 35-ஐக் கழித்தால் 105. ஆலோசகருக்கு 85. மொத்தம் 190. சம்பளமில்லா லீவு மூன்று நாள். வேலை போகவில்லை. என் பக்கத்து சீட்டுக்காரருக்குப் போனது, அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை.

மனைவி திரும்பி வந்த வாரம் பையன் ஹாலில் பிளாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஹென்றியை உள்ளே விட்டு நாலு பக்கமும் சுவர். எனக்குப் பக் என்றது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிளாக்கை உருவி ஓட்டை போட்டான். தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து, தேங்காய்ச் சட்னியில் தோய்த்து, ஓட்டை வழியாக உள்ளே தள்ளினான். "மழை நிக்கிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும், சாப்பாடு நான் குடுத்துக்கறேன்" என்றான்.

"அங்க பாத்ரூம்ல இத்தனை நேரம் என்னங்க பண்றீங்க?" என்று மனைவி கேட்டபோது, நான் பழைய டூத் பிரஷ்ஷை வைத்து ஹென்றியின் சக்கரத்திலிருந்து சட்னியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடுகு ஒன்று அச்சில் மாட்டிக்கொண்டு வரவே இல்லை.